மார்பகத்தைப் பெருப்பிக்கும் சத்திரசிகிச்சை: செய்யும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை விடுதித் தாதியாக வேலை செய்கிறேன். இந்த ஒப்பரேஷனுக்கு வரும் தமிழ்ப் பெண்கள் பலர் டொக்டரின் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கதவு சாத்திய பிறகு என்னிடம் கேட்பார்கள். டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதில் பாதி விளங்கியிருக்காது. மீதி வெட்கம். வெள்ளவத்தையிலிருந்து வருபவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவரும் ஹட்டனில் ரயில் ஏறி வருபவரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது உங்கள் டொக்டர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு உள்ளே போக இது உதவும்.

இதில உண்மையா என்னதான் செய்வினம், மிஸ்?

முழு மயக்கத்தில் செய்யும் ஒப்பரேஷன் இது. மார்புக்குக் கீழே உள்ள மடிப்பிலோ, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ சில சென்டிமீற்றர் வெட்டுவார்கள். உள்ளே இடம் பிரித்து, இம்பிளாண்ட் என்ற செயற்கைப் பையை வைத்துத் தைப்பார்கள். அதைப் பால் சுரப்பிக்குப் பின்னால் வைக்கலாம். அதற்கும் பின்னால், நெஞ்சுத் தசைக்கு அடியிலும் வைக்கலாம். ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் முடியும். பெரும்பாலானவர்கள் அன்று பின்னேரமோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சிலிக்கோன் இம்பிளாண்டை முதன்முதலாக வைத்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை.

வெளி உறை எந்த இம்பிளாண்டிலும் சிலிக்கோன்தான். உள்ளே இருப்பது சிலிக்கோன் ஜெல் அல்லது உப்புநீர். ஜெல் தொடும்போது இயல்பாக இருக்கும், ஆனால் உடைந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். உப்புநீர் உடைந்தால் அந்தப் பக்கம் சீக்கிரம் வற்றிப்போகும், உடம்பு நீரை உறிஞ்சிவிடும். மெலிந்தவர்களுக்கு உப்புநீர் வைத்தால் தோலில் நெளிவு தெரியும். தசைக்கு அடியில் வைத்தால் விளிம்பு மறையும். ஆனால் நோவு கூட, கையை ஊன்றி எழும்பும்போது மார்பு இழுபடுவதும் சிலருக்குத் தெரியும்.

ஒருக்கா வைச்சா சாகும்வரைக்கும் இருக்கும்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். இம்பிளாண்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருள் இல்லை. 2021இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்பிளாண்டுகளுக்குக் கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியபோது, அதில் இதையும் எழுத வைத்தது. அழகுக்காக வைத்துக்கொண்ட பெண்களில் ஐந்தில் ஒருவர் வரை எட்டுப் பத்து வருடத்துக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பத்து வருடம் ஆனதும் எல்லோரும் மாற்றியே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. பிரச்சினை இல்லாமல் இருபது வருடம் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் காலம் போகப் போகப் பிரச்சினை வரும் வாய்ப்பு கூடும்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். 25 வயதில் வைக்கிறீர்கள். 75 வயது வரை இருக்கப் போகிறீர்கள். இடையில் இரண்டாவது ஒப்பரேஷன் நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதும் வரலாம். அந்த நேரம் பிள்ளைகளின் ரியூஷன் காசும் வீட்டு லோனும் இருக்கும். ஜெல் இம்பிளாண்ட் என்றால் சத்தமில்லாமல் உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஐந்தாறு வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது அதே நிர்வாகத்தின் பரிந்துரை. இந்த ஸ்கேன் செலவை யாரும் முதல் நாளே பில்லில் போட்டுக் காட்டுவதில்லை.

எவ்வளவு முடியும்?

நான் இங்கே ஒரு தொகையை எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். இம்பிளாண்ட் இறக்குமதிப் பொருள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை எல்லோரும் பார்த்தோம். தொகையைவிட அதற்குள் என்ன அடக்கம் என்று கேளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், இம்பிளாண்ட், அறை, மருந்து, சப்போர்ட் பிரா, திரும்ப வந்து காட்டுவது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? அதைவிட முக்கியம்: இரத்தம் கட்டியோ கிருமி தொற்றியோ அதே வாரம் திரும்பத் தியேட்டருக்குப் போக நேர்ந்தால் அந்தப் பில் யாருடையது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு மருத்துவக் காப்புறுதி பொதுவாகக் காசு தராது. அதனால் பின்னால் வரும் சிக்கலுக்கும் தராமல் விடலாம். பொலிசிப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் பாருங்கள். என் அபிப்பிராயம், முதல் ஒப்பரேஷனுக்கே நகையை அடகு வைக்க வேண்டி இருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் பொறுப்பது நல்லது.

மயக்கத்திலயிருந்து எழும்பாமப் போயிட்டா?

சுகதேகியான இளம் பெண்ணுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பூச்சியம் இல்லை. ஆஸ்துமா, நீரிழிவு, பிரஷர், முன்பு மயக்க மருந்தில் வந்த பிரச்சினை, காலில் இரத்தம் கட்டிய வரலாறு, கர்ப்பத்தடை மாத்திரை, எதையும் ஒளிக்காமல் மயக்க மருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின், மீன் எண்ணெய்க் குளிசை, நாட்டு வைத்தியரின் கசாயம் எல்லாம் அந்தப் பட்டியலில் சேரும். சில இரத்தப் பெருக்கைக் கூட்டும். சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது நாலு கிழமைக்கு முன் விட வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆற மறுக்கும்.

இன்னொன்று. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் வெறும் வயிறுதான். "சாப்பிடவே இல்லை மிஸ், ஒரு பால் தேத்தண்ணி மட்டும்தான்" என்று காலையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பால் கலந்தால் அதுவும் சாப்பாட்டுக் கணக்குத்தான், ஆறு மணித்தியாலம் கழிய வேண்டும். ஒப்பரேஷன் பின்னேரத்துக்குத் தள்ளிப் போகும், அல்லது நின்றுவிடும்.

எத்தனை நாளில வேலைக்குப் போகலாம்?

மேசை வேலை என்றால் ஒரு கிழமை, பத்து நாள். பாரம் தூக்கும் வேலைக்கு நாலு முதல் ஆறு கிழமை. ஆனால் வீட்டு வேலையும் நெஞ்சுத் தசையால்தான் நடக்கிறது என்பது பலருக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. தேங்காய் திருவுவது, உடுப்புப் பிழிவது, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைப்பது, காலி வீதி பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, ஒன்றும் கூடாது. முதல் இரண்டு கிழமைக்கு வீட்டில் ஆள் வேண்டும். தனியாக அறை எடுத்து இருக்கும் பிள்ளைகள் இதை யோசியுங்கள்.

கொழும்பு வெக்கைக்கு இறுக்கமான சப்போர்ட் பிராவை இரவும் பகலும் போட்டிருப்பது லேசான காரியம் இல்லை. மடிப்பில் வியர்வை தேங்கும், காயம் ஈரமாகவே இருக்கும். மாற்றிப் போட இரண்டு மூன்று வைத்திருங்கள். கடல் குளிப்பு காயம் முழுதாக ஆறி டொக்டர் சொன்ன பிறகுதான்.

சி கப் வேணும் எண்டு சொன்னாப் போதுமா?

போதாது. கப் அளவு பிரா கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். டொக்டர்கள் சிசி, அதாவது மில்லிலீற்றர் கணக்கில்தான் பேசுவார்கள். உங்கள் நெஞ்சின் அகலம், தோல் எவ்வளவு இழுபடும், ஏற்கெனவே எவ்வளவு சதை உண்டு என்று அளந்துதான் எல்லை சொல்வார். போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி இப்படி வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர். அந்தப் படத்தில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு எடிட்டிங் என்று யாருக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அளவுக் கிண்ணத்தில் 300 மில்லிலீற்றர் பச்சையரிசியை அளந்து, மெல்லிய காலுறை ஒன்றில் கொட்டி முடிச்சுப் போடுங்கள். அப்படி இரண்டு. அவற்றை ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்து ஒரு முழுநாள் இருங்கள். சமையுங்கள், படியேறுங்கள், சுரிதாரைப் போட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். அரிசியின் நிறை இம்பிளாண்டைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். 300 சிசி ஜெல் இம்பிளாண்ட் ஒன்று ஏறக்குறைய 300 கிராம், இரண்டும் சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல். காலையில் 400 என்று அடம் பிடித்தவர் பின்னேரம் 250 போதும் என்று சொல்லக்கூடும். அளவு கூடக்கூட தோல் மெலிந்து தொய்யும், இம்பிளாண்ட் கீழே இறங்கும், நெளிவு தெரியும், திரும்ப ஒப்பரேஷன் செய்யும் நாளும் கிட்ட வரும்.

என்னென்ன பிழைக்கலாம்? ஒளிக்காமச் சொல்லுங்கோ.

முதல் சில நாட்களில் பயப்பட வேண்டியது இரண்டு: உள்ளே இரத்தம் கட்டுவது, கிருமித் தொற்று. இரண்டு பக்கமும் வீங்கி நோவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பெருத்துக் கல்லாகி நோவு ஏறினால், சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடித்தால், காயத்திலிருந்து நீர் வடிந்தால், விடியட்டும் என்று இருக்காமல் அந்த இரவே வர வேண்டும். தொற்று இம்பிளாண்டின் மேல் ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் போகாது. அதை வெளியே எடுத்துவிட்டு மாதக்கணக்கில் பொறுத்துத்தான் திரும்ப வைப்பார்கள். அந்த மாதங்களில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும்.

பின்னால் வருவதில் அதிகம் காண்பது உறை இறுகுதல். வெளிப் பொருள் எதை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்பு உறை கட்டும். எல்லோருக்கும் கட்டும். சிலருக்கு அது சுருங்கி இம்பிளாண்டை நெரிக்கும். பேக்கர் என்ற அளவில் ஒன்று முதல் நாலு வரை சொல்வார்கள். ஒன்று மெத்தென்று இயல்பாக இருக்கும். மூன்றில் பார்த்தாலே வடிவம் மாறித் தெரியும். நாலு கடினமாகி நோகும். மூன்று, நாலுக்குப் பெரும்பாலும் ஒப்பரேஷன்தான் வழி. ஒருமுறை இறுகினவருக்குத் திரும்ப இறுகவும் கூடும்.

முலைக்காம்பு உணர்வில்லாமல் மரத்துப்போகலாம், அல்லது துணி பட்டாலே தாங்காமல் கூசலாம். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிரந்தரம். இம்பிளாண்ட் இடம் மாறலாம், திரும்பலாம், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். எங்கள் நிறத்துத் தோலில் தழும்பு தடித்துக் கருக்கும் வாய்ப்பும் கூட. காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் முதலே காட்டுங்கள்.

நான் இன்னும் பிள்ளை பெறேல்ல. பால் குடுக்க ஏலாமப் போகுமோ?

பலர் கொடுக்கிறார்கள். ஆனால் உறுதி தர முடியாது. கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டினால் பால் குழாய்களும் நரம்பும் அறுபடும் வாய்ப்பு கூட, அதனால் பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள் மார்பு மடிப்பில் வெட்டுவதைப் பற்றிக் கேளுங்கள். சிலருக்குப் பால் சுரக்கும், ஆனால் பிள்ளைக்குப் போதாது. இம்பிளாண்ட் உள்ள தாயின் பாலால் பிள்ளைக்குத் தீங்கு என்று ஆய்வுகள் காட்டவில்லை.

பிள்ளை கிடைத்ததும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் நிறை ஏறுகிறதா என்று அவர் கவனமாகப் பார்ப்பார். சொல்லாவிட்டால் எல்லோரும் சேர்ந்து உங்களுக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்று பேசுவார்கள். அப்புறம், கர்ப்பமும் பால் கொடுப்பதும் மார்பின் வடிவத்தை எப்படியும் மாற்றும். இரண்டு வருடத்துக்குள் பிள்ளை என்ற திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றே நான் சொல்வேன்.

பிள்ளைக்குப் பால் குடுத்துத் தொங்கிட்டுது. இம்பிளாண்ட் வைச்சாத் தூக்குமா?

கொஞ்சம் தொய்ந்திருந்தால் நிரம்பித் தெரியும். காம்பு மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இம்பிளாண்ட் மட்டும் தூக்காது, பாரம் கூடி இன்னும் இழுக்கும். அதற்குத் தூக்கித் தைக்கும் சத்திரசிகிச்சை வேறு, தழும்பும் கூட. பால் மறந்து ஆறு மாதம் கழித்து அளவெடுக்கப் போங்கள். அதற்கு முன் எடுக்கும் அளவு நிற்காது.

இதை வைச்சாக் கென்சர் வரும் எண்டு சொல்லீனம், உண்மையோ?

வழக்கமான மார்பகப் புற்றுநோய் இம்பிளாண்டால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. மேலே சொன்ன தழும்பு உறையில் வரும் ஒருவகை லிம்போமா, அதாவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் புற்றுநோய். 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்பிளாண்டோடு இதற்குள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாக ஏற்றது. மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளாண்டுகளோடுதான் இது முக்கியமாகத் தொடர்புபட்டது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பான வகையை உலகம் முழுவதும் திருப்பி எடுத்தது. அதே வருடம் ஏப்ரலில் பிரான்ஸ் அந்த மாதிரி வகைகளைத் தடைசெய்திருந்தது. 2022இல் தழும்பு உறையில் வரும் வேறு சில அரிய புற்றுநோய்கள் பற்றியும் எச்சரிக்கை வந்தது, அவை வழவழப்பான வகையிலும் காணப்பட்டன.

அரிதான நோய்தான். ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: வைத்துப் பல வருடங்களுக்குப் பிறகு, பெரும்பாலும் எட்டுப் பத்து வருடத்தில், ஒரு பக்கம் காரணமில்லாமல் நீர் சேர்ந்து வீங்குவது, கட்டி, நோவு. அந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். நேரத்தோடு பிடித்தால் இம்பிளாண்டையும் உறையையும் முழுதாக எடுத்தே பெரும்பாலும் குணமாகும். சொரசொரப்பான வகையை ஏற்கெனவே வைத்திருந்து ஒரு குறையும் இல்லாவிட்டால் பயந்து எடுக்கத் தேவையில்லை என்பதுதான் வைத்திய ஆலோசனை. புதிதாக வைப்பவர் எந்த மேற்பரப்பு, ஏன் அது என்று கேளுங்கள்.

மமோகிராம் மெஷின் நசுக்கினா வெடிச்சிடாதா?

அரிதாக உடையலாம், பெரும்பாலும் பழைய இம்பிளாண்டில். அதற்காக மமோகிராமைத் தவிர்க்கக் கூடாது. இம்பிளாண்ட் மார்புச் சதையின் ஒரு பகுதியைப் படத்தில் மறைக்கும் என்பதுதான் பெரிய விஷயம். படம் எடுப்பவரிடம் முதலே சொன்னால் இம்பிளாண்டைப் பின்னால் தள்ளிப் பிடித்து மேலதிகப் படங்கள் எடுப்பார். தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தவர்கள் ஒப்பரேஷனுக்கு முன்பே ஒரு படம் எடுத்து வைப்பது பற்றிக் கேளுங்கள். நாரஹேன்பிட்டியில் அரசின் புற்றுநோய் முன்கண்டறியும் நிலையம் இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக்கிலும் கையால் பார்ப்பார்கள். அங்கேயும் இம்பிளாண்ட் இருப்பதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

வைச்ச பிறகு ஒரே அலுப்பு, முடி கொட்டுது, மூட்டு நோவு. இதாலயா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படிச் சொல்லும் பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு எச்சரிக்கையில் இதுவும் இடம்பெற்றது. உறுதிப்படுத்த ஒரு இரத்தப் பரிசோதனையும் கிடையாது. எடுத்த பிறகு சுகமானவர்கள் உண்டு, மாறாதவர்களும் உண்டு. எங்கள் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் பிரச்சினையும் சர்வசாதாரணம், ஆகவே அவற்றை முதலில் பாருங்கள். லூபஸ், முடக்குவாதம் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் வைக்கும் முன்பே சொல்ல வேண்டும். "எல்லாம் மனப்பிரமை" என்று ஒரு டொக்டர் சொன்னால் இன்னொருவரைச் சனல் பண்ணுங்கள்.

எந்த பிராண்ட் எண்டு நான் கேக்கிறது மரியாதை இல்லைதானே?

நன்றாகக் கேளுங்கள். பிரான்சில் பிஐபி என்று ஒரு கம்பனி இருந்தது. மருத்துவத் தர சிலிக்கோனுக்குப் பதிலாகக் கைத்தொழிலுக்குப் பாவிக்கும் மலிவான சிலிக்கோனை நிரப்பி வருடக்கணக்கில் விற்றது. 2010இல் பிடிபட்டது. ஏறக்குறைய 65 நாடுகளில் 3 லட்சம் பெண்களுக்கு அது வைக்கப்பட்டிருந்தது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கமே எடுத்துவிடச் சொன்னது. அன்று தன் நெஞ்சுக்குள் இருப்பது எந்தக் கம்பனி என்று தெரியாமல் எத்தனையோ பெண்கள் அலைந்தார்கள்.

இலங்கையில் மருத்துவ சாதனங்களைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிய வேண்டும். உங்களுக்கு வைப்பது பதிந்ததா என்று கேளுங்கள். இம்பிளாண்ட் பெட்டியில் சிறிய ஸ்டிக்கர்கள் வரும்: கம்பனி, வகை, சிசி அளவு, தொடர் இலக்கம். ஒன்றை எங்கள் ஃபைலில் ஒட்டுவோம். ஒன்றை உங்கள் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். வலது, இடது இரண்டுக்கும். வீட்டுக்குப் போகும் முன் கேட்டு வாங்கி, போனில் படமெடுத்து, அட்டையைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். வைத்தியசாலை ஃபைல் இருபது வருடம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

டொக்டர் சரியான ஆள்தானா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பதிவு உண்டா என்று பார்க்கலாம். அது முதல் படி மட்டும்தான். பதிவு பெற்ற எல்லா வைத்தியரும் இந்த ஒப்பரேஷனில் பயிற்சி பெற்றவர் இல்லை. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் விசேட வைத்திய நிபுணரா, பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் போர்ட் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். அழகுக்கலை டிப்ளோமா வேறு விஷயம். இடத்தையும் பாருங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் முழு நேரமும் தியேட்டரில் இருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா, இரவில் பிரச்சினை என்றால் யாருக்கு அழைப்பது என்று கேளுங்கள்.

நல்ல டொக்டருக்கு இந்தக் கேள்விகள் கோபத்தை வரவைக்காது. தன்னுடைய நோயாளிகளில் எத்தனை பேருக்குத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது என்று கேட்டால், "எனக்கு அப்படி வந்ததே இல்லை" என்பவரைவிட, யோசித்து ஒரு பதில் சொல்பவரை நான் நம்புவேன். "இந்தக் கிழமைக்குள் காசு கட்டினால் கழிவு" என்று சத்திரசிகிச்சைக்குச் சொல்லும் இடத்தில் மேற்கொண்டு இருக்க வேண்டாம்.

சலூன்ல ஊசியால பெரிசாக்கிறாங்களாம். வெட்டே இல்லையாம்.

வேண்டாம். திரவ சிலிக்கோனை மார்பில் ஊசியாக ஏற்றினால் அது சதைக்குள் பரவும், கட்டி கட்டியாகும், திரும்ப எடுக்கவே முடியாது, புற்றுநோய்க் கட்டியோடு குழப்பும். பொலிஅக்ரிலமைட் என்ற ஜெல்லை இப்படி ஏற்றிப் பட்ட பாட்டுக்குப் பிறகு சீனா அதை 2006இல் தடைசெய்தது. கிரீம், மாத்திரை, உறிஞ்சு பம்ப் எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

உங்கள் தொடை, வயிற்றுக் கொழுப்பை எடுத்து மார்பில் வைப்பது இவற்றில் சேராது. அது முறையான சத்திரசிகிச்சை. ஆனால் வைத்த கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும், பெரிய அளவு கிடைக்காது, சில இடங்களில் கட்டிபட்டு மமோகிராமில் தெரியும்.

சென்னைக்கோ பாங்கொக்குக்கோ போய்ச் செய்தா மலிவுதானே அக்கா?

திறமான டொக்டர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஒப்பரேஷன் மலிவாகவும் முடியலாம். ஆனால் முன்னே சொன்ன பிரச்சினைகள் வரும்போது நீங்கள் கொழும்பில் இருப்பீர்கள், வெட்டினவர் அங்கே இருப்பார். வேறொருவர் செய்ததைக் கையில் எடுக்க இங்குள்ள டொக்டர் தயங்கலாம். முடிந்த கையோடு விமானம் ஏறினால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் உண்டு, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். போவதானால் ஒப்பரேஷன் குறிப்பையும் இம்பிளாண்ட் அட்டையையும் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். விமானத்தில் இம்பிளாண்ட் வெடிக்கும் என்பது சும்மா கதை.

கலியாணம் பேசீனம். அதுக்கு முதல் முடிச்சா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவருமோ?

இரண்டு மாதத்தில் முகூர்த்தம் என்றால் இப்போது வேண்டாம். வீக்கம் வற்றி வடிவம் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ. கூறைக்கு இன்று அளவெடுத்துத் தைத்த சட்டை அன்று பொருந்தாது. ஒரு சிக்கல் வந்தால் மணவறையில் கையைத் தூக்கவும் ஏலாது.

மாமியாருக்குச் சொல்லத் தேவையில்லை, அது உங்கள் உடம்பு. கட்டப்போகிறவருக்குச் சொல்வது நல்லது என்பது என் எண்ணம். தழும்பு கண்ணில் படும், பால் கொடுக்கும் பேச்சு வரும், ஸ்கேன் வரும், இரண்டாவது ஒப்பரேஷன் வரும். வருடக்கணக்கில் ஒளிப்பது பெரிய வேலை.

அவர்தான் செய்யச் சொல்றார்...

இந்த வசனத்தை யாரும் முழுதாக முடிப்பதில்லை. டொக்டரிடம் தனியாகக் கதைக்க வேண்டும் என்று எங்களிடம் சொல்லுங்கள். கணவரை வெளியே இருக்கச் சொல்வது எங்களுக்குப் புதிதில்லை. உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வைத்திய ரீதியாக இப்போது பொருத்தமில்லை என்று டொக்டர் சொல்லிவிடுவார். காரணம் யாரிடமும் போகாது.

எனக்கு 19. அம்மாக்குத் தெரியாமச் செய்யலாமா?

18 தாண்டினால் சட்டப்படி நீங்களே கையெழுத்துப் போடலாம். ஆனால் அமெரிக்காவில் அழகுக்காக வைக்கும் ஜெல் இம்பிளாண்டுக்கு 22 வயது, உப்புநீருக்கு 18 என்றுதான் அனுமதி. உங்கள் வயதிலும் மார்பு வளர்ந்துகொண்டிருக்கலாம். ஒரு நாளில் பல மணித்தியாலம் கண்ணாடியில் இதையே பார்க்கிறீர்கள், இதனால் வகுப்புக்குக்கூடப் போவதில்லை என்றால் முதலில் மனநல வைத்தியரிடம் பேசுங்கள். அந்த நிலையில் ஒப்பரேஷன் செய்தாலும் மனம் ஆறுவதில்லை, குறை வேறு இடத்துக்கு மாறும். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்களும் புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களும் கேட்பது வேறு விஷயம். அவர்கள் அரச வைத்தியசாலையின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பிடிக்காட்டி எடுத்துப்போட்டு பழையபடி இருக்கலாம்தானே?

எடுக்கலாம். பழையபடி வருவது நிச்சயமில்லை. இழுபட்ட தோல் முழுதாகச் சுருங்காது, உள்ளே இருந்த சதையும் அழுத்தத்தில் மெலிந்திருக்கும். சிறிய அளவை கொஞ்சக் காலம் வைத்திருந்த இளம் பெண்ணுக்கு ஓரளவு வரும். பெரிய அளவைப் பல வருடம் வைத்திருந்தால் தொய்வும் குழியும் தெரியும், தூக்கித் தைக்கவும் வேண்டி வரலாம். எடுப்பதற்கும் மயக்கம், தியேட்டர், பில் எல்லாம் உண்டு.

திகதி எடுத்தாச்சு, காசும் கட்டியாச்சு. இப்ப மனம் மாறினா?

நில்லுங்கள். தியேட்டர் கட்டிலில் ஏறிப் படுத்த பிறகும், மயக்க மருந்து ஏற்றும் வரை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் கட்டிப்போடாது. யாரும் ஏச மாட்டார்கள், ஏசினாலும் பரவாயில்லை. முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைக் காசு கட்டும் அன்றே கேட்டு ரசீதில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். திகதியைத் தள்ளிவைக்க மட்டும் விரும்பினால் அதையும் சொல்லலாம், காய்ச்சல், மாதவிடாய் நோவு, வீட்டில் பிரச்சினை என்று காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.